பூட்டின வீட்டுப் பேய்

(நம் ஊர் உயிர்கள் – அறிவியல் பகுதி)



"இந்த மாதம் 'நம் ஊர் உயிர்கள்' பகுதிக்கு யார் எழுதுறீங்க?" என்று அறிவியல் டீச்சர் கேட்டபோது நான் கை தூக்கினேன். "எதைப் பத்தி எழுதப் போற?" என்றார். "ஆந்தை, டீச்சர்" என்றேன். வகுப்பே சிரித்தது. ஏன் சிரித்தார்கள் என்று எங்கள் 9 'ஆ' பிரிவில் எல்லோருக்கும் தெரியும். மற்றவர்களுக்கு நானே சொல்லிவிடுகிறேன். என் பட்டப்பெயரே ஆந்தைதான். கண்ணாடி போட்டிருப்பேன், அதிகம் பேச மாட்டேன், திடீரென்று கேள்வி கேட்டால் முழிப்பேன். அதனால் வந்த பெயர்.

இதைப் படித்த பிறகும் என்னை அப்படியே கூப்பிடலாம், கோபம் இல்லை. ஆனால் ஆந்தை என்றால் யார் என்று தெரிந்துகொண்டு கூப்பிடுங்கள்.

1. பூட்டின வீடு

நாங்கள் சேலையூர் பக்கம் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. அப்பா துபாயில் வேலை செய்கிறார். அம்மாவுக்குப் பாரிமுனையில் வேலை. மின்சார ரயிலில் தாம்பரம் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வீட்டுக்கு வர எட்டு, எட்டரை ஆகிவிடும். எனக்குத் தம்பி தங்கை கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கதவைத் திறந்து, டீ போட்டுக் குடித்து, மொட்டைமாடிப் படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். அம்மா வரும்வரை வீட்டில் பேச ஆள் இல்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய ஓட்டு வீடு இருக்கிறது. ஏதோ கேஸ் என்று பல வருடமாகப் பூட்டியே கிடக்கிறது. இருட்டினால் அந்த வீட்டுக்குள்ளிருந்து குறட்டைச் சத்தம் வரும். சத்தியமாகச் சொல்கிறேன், பெரிய மனுஷர் ஒருத்தர் படுத்துத் தூங்குகிற மாதிரியே இருக்கும். பூட்டின வீட்டில் யார் குறட்டை விடுவார்கள்? எதிர்வீட்டு ஆயா, "அந்தப் பக்கம் பாக்காத கண்ணு. அங்க ஒருத்தி வெள்ளைப் புடவையோட நடமாடுறா" என்றார்.

ஒருநாள் ராத்திரி கரண்ட் போய்விட்டது. நான் மாடிப்படியில் இருந்தேன். தலைக்கு மேலே ஏதோ வெள்ளையாகப் போனது. சின்னச் சத்தம் கூட இல்லை. காற்று மட்டும் லேசாக முகத்தில் பட்டது. அது போய் எங்கள் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து என்னைத் திரும்பிப் பார்த்தது. உடம்பு அந்தப் பக்கம், முகம் இந்தப் பக்கம்! வெள்ளை முகம், இதயம் வரைந்த மாதிரி. நடுவில் கறுப்பாக இரண்டு கண். எனக்குக் கை கால் ஓடவில்லை. தலையை இடமும் வலமும் ஆட்டி என்னை நன்றாகப் பார்த்துவிட்டுப் பறந்து போனது.

மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தது. அதற்கு மறுநாளும். ஒரு வாரத்தில் பயம் போய்விட்டது. இரண்டாவது வாரம் அது வரவில்லை என்றால் கவலை வந்தது. 'குட்டிப்பேய்' என்று பெயர் வைத்தேன். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் நடந்ததெல்லாம் அதனிடம் சொல்லுவேன். உண்மையைச் சொன்னால், அப்போது நான் ஒரு நாளில் மனுஷர்களிடம் பேசியதைவிட அந்தப் பேயிடம் பேசியதுதான் அதிகம்.

2. பேயின் உண்மைப் பெயர்

நோட்டில் அதைப் படமாக வரைந்து வைத்திருந்தேன். டீச்சர் நோட்டுத் திருத்தும்போது பார்த்துவிட்டார். "இது பேயில்லம்மா, கூகை" என்றார். வெண்ணாந்தை என்றும் சொல்வார்களாம். காக்கை அளவுதான் இருக்கும். இறக்கையை விரித்தால் சுமார் மூன்றடி. பழைய கட்டடம், கோயில் கோபுரம், பெரிய மரப்பொந்து இவைதான் அதன் வீடு. தனியாகக் கூடு கட்டாது. கிடைத்த இருட்டு மூலையில் முட்டையிடும்.

என்னைப் பயமுறுத்திய ஒவ்வொன்றுக்கும் டீச்சர் ஒரு காரணம் சொன்னார். அதுதான் இந்தக் கட்டுரையின் பாடம்.

சத்தமில்லாமல் பறப்பது எப்படி? கூகையின் இறக்கையின் முன் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி நுண்ணிய அமைப்பு இருக்கிறது. பின் ஓரத்தில் துணிக்குஞ்சம் மாதிரி இருக்கும். இறகின் மேல்புறம் வெல்வெட் போல மென்மை. இந்த மூன்றும் சேர்ந்து காற்றின் இரைச்சலைக் குறைத்துவிடும். புறா பறந்தால் 'படபட' என்று கேட்கும். கூகை பறந்தால் கேட்காது. எலிக்கும் கேட்காது என்பதுதான் முக்கியம்.

தலை எப்படி அவ்வளவு திரும்புகிறது? ஆந்தையின் கண் நம் கண் போல உருண்டை அல்ல, குழாய் வடிவம். அதனால் கண்ணை மட்டும் உருட்டிப் பார்க்க முடியாது. பக்கத்தில் பார்க்க வேண்டும் என்றால் கழுத்தைத்தான் திருப்ப வேண்டும். நமக்குக் கழுத்தில் 7 எலும்பு, ஆந்தைக்கு 14. சுமார் 270 பாகை வரை தலையைத் திருப்பும். "ஆந்தை மாதிரி முழிக்கிற" என்று சொல்கிறோமே, பாவம், அதற்கு முழிப்பதைத் தவிர வேறு வழியே இல்லை!

இருட்டில் எலியை எப்படிப் பிடிக்கிறது? கண்ணைவிடக் காதுதான் பெரிய ஆயுதம். அந்த இதய வடிவ முகம் டிஷ் ஆன்டெனா மாதிரி சத்தத்தைச் சேர்த்துக் காதுக்கு அனுப்புகிறது. இரண்டு காதுத் துளையும் ஒரே உயரத்தில் இல்லை. இடது காது கொஞ்சம் மேலே இருக்கும். அதனால் சத்தம் இடமா வலமா, மேலா கீழா என்று இரண்டையும் கண்டுபிடித்துவிடும். அமெரிக்க விஞ்ஞானி ரோஜர் பெய்ன் துளி வெளிச்சம் இல்லாத அறையில் தரையெல்லாம் காய்ந்த இலை பரப்பி, கூகையைச் சோதித்துப் பார்த்தார். இருட்டிலேயே எலியைப் பிடித்தது. அடுத்து எலி அளவுக்குக் காகிதத்தைக் கசக்கி, நூல் கட்டி இலை மேல் இழுத்தார். கூகை அந்தக் காகிதத்தையும் பாய்ந்து பிடித்தது! மோப்பம் இல்லை, பார்வை இல்லை, சலசலப்பு ஒன்றே போதும் என்று இதிலிருந்து தெரிந்தது.

அப்படியானால் குறட்டை? அது குஞ்சுகளின் சத்தம். பசிக்கும்போது கூகைக் குஞ்சுகள் மூச்சை இழுத்துச் சீறுவது குறட்டை போலவே கேட்கும். பூட்டின வீட்டுக்குள் தூங்கிய பெரிய மனுஷர் யார் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அம்மா வரும்வரை காத்திருக்கும் பிள்ளைகள் அந்த வீட்டிலும் இருந்தார்கள்.

உங்களுக்குத் தெரியுமா?
* கூகைக் குஞ்சுகள் ஒரே நாளில் பொரிக்காது. இரண்டு மூன்று நாள் இடைவெளியில் ஒவ்வொன்றாகப் பொரிக்கும். அதனால் ஒரே கூட்டில் அண்ணன், தம்பி, கடைக்குட்டி என்று அளவு வித்தியாசம் இருக்கும்.
* பெரிய குஞ்சு தன் பங்கு எலியைச் சின்னதுக்குக் கொடுப்பதும் உண்டு. சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகள் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள்.

3. ஏன் சாக்குருவி என்றார்கள்?

ஆந்தை கத்தினால் அந்த வீட்டில் சாவு விழும் என்று நம் பக்கத்தில் பலர் நம்புகிறார்கள். பெரும்பாலும் 'சாக்குருவி' என்று சொல்வது சின்னப் புள்ளி ஆந்தையை. மைனாவை விடக் கொஞ்சம் குண்டாக, சாம்பல் உடம்பில் வெள்ளைப் புள்ளியோடு, சாயங்காலம் ஜோடியாகக் கத்துமே, அதுதான். டீச்சர் ஒரு விளக்கம் சொன்னார். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் ராத்திரி விளக்கை அணைத்துவிடுவார்கள். யாராவது ரொம்ப முடியாமல் படுத்திருந்தால் அந்த வீட்டில் மட்டும் விடிய விடிய விளக்கு எரியும். விளக்குக்குப் பூச்சி வரும். பூச்சியைத் தின்ன ஆந்தை வரும், வந்து கத்தும். நோயாளி இறந்துபோனால் பழி ஆந்தை மேல்.

யோசித்துப் பாருங்கள். மழை வரும்போது குடை விரிக்கிறோம். குடையால்தான் மழை வந்தது என்று சொல்லலாமா? இரண்டு விஷயம் சேர்ந்து நடந்தால் ஒன்றுதான் மற்றதுக்குக் காரணம் என்று ஆகிவிடாது. அறிவியலில் இது முக்கியமான பாடம்.

4. சங்க காலத்திலேயே ஒரு தோழி

இதைக் கேள்விப்பட்ட தமிழ் ஐயா, "ஆந்தைகிட்ட பேசினது நீ மட்டும்னு நினைச்சியா?" என்று நற்றிணை 83-ஆம் பாட்டைச் சொன்னார். எழுதியவர் பெருந்தேவனார். சுமார் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய பாட்டு. ஊர் வாசலில், தண்ணீர்த்துறை பக்கத்தில், சாமி குடியிருக்கும் பழைய மரம். அதில் ஒரு கூகை. தலைவியின் தோழி அந்தக் கூகையைப் பார்த்தே பேசுகிறாள். நாங்கள் காதலருக்காகத் தூங்காமல் காத்திருக்கும் ராத்திரியில் நீ பயமாகக் குழறாதே, அப்படி இருந்தால் உனக்கு நெய் போட்ட கறிச்சோறும், சுட்ட வெள்ளெலியும் நிறையத் தருகிறோம் என்கிறாள்!

ஐயா மூன்று விஷயம் கவனிக்கச் சொன்னார். ஒன்று, அந்தக் கூகை ஊர்மக்களோடு கூடவே இருந்து பழகியது என்று பாட்டு சொல்கிறது. இரண்டு, வளைந்த அலகு, தெளிந்த கண், கூரிய நகம் என்று புலவர் அதைக் கிட்டத்தில் பார்த்த மாதிரி எழுதியிருக்கிறார். மூன்று, கூகைக்குப் பிடித்தது எலி என்று அப்போதே தெரிந்திருக்கிறது. பயம் அன்றைக்கும் இருந்தது. ஆனால் பயந்தவள் கல்லை எடுக்கவில்லை, விருந்து வைக்கிறேன் என்றாள். (பழைய நூல்களில் கூகை என்பது குழறுகிற பெரிய ஆந்தையையும் குறிக்கும். என் குட்டிப்பேய் குழறாது, 'கிறீச்' என்று அலறும்.)

5. நான் செய்த தப்பு

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதினால்தான் கட்டுரை நேர்மையாக இருக்கும்.

ஒருநாள் சாயங்காலம் பூட்டின வீட்டுச் சுவர் ஓரமாக ஒரு குஞ்சு கீழே விழுந்து கிடந்தது. பஞ்சு உருண்டை மாதிரி இருந்தது. தெருநாய் வந்துவிடும் என்று எடுத்து வந்தேன். அதுவரை தப்பில்லை. ஆனால் அன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை. ஷூ டப்பாவில் வைத்து என் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். ஏன் என்றால், அதை நானே வளர்க்க ஆசைப்பட்டேன். ஹாரி பாட்டர் படத்தில் அந்தப் பையனுக்கும் யாரும் இல்லை, மாடிப்படிக்குக் கீழே படுத்திருப்பான். அவனுக்கு ஹெட்விக் என்ற வெள்ளை ஆந்தை துணைக்கு வரும். எனக்கும் அதே மாதிரி ஒன்று வேண்டும் என்று தோன்றியது.

பாலில் பிரெட்டை நனைத்துக் கொடுத்தேன். வாயைத் திறக்கவில்லை. ராத்திரி முழுக்கச் சீறிக்கொண்டே இருந்தது. வெளியே மாடியில் பெரிய கூகை வந்து வந்து அலறியது. அது என்னைப் பார்க்க வரவில்லை, குஞ்சைத் தேடி வந்தது என்று எனக்குத் தோன்றியது. காலையில் குஞ்சு தலையைத் தொங்கப் போட்டிருந்தது. அழுதுகொண்டே அம்மாவிடம் சொன்னேன். அம்மா திட்டவில்லை. டீச்சருக்குப் போன் போட்டார். டீச்சர் வனத்துறைக்குச் சொல்ல, அவர்கள் வந்து குஞ்சைப் பார்த்து, ஏணி வைத்து ஏறி மறுபடி கூட்டிலேயே விட்டார்கள்.

வந்த அண்ணன் என்னிடம் சொன்னது இது: "பறவைக்குப் பாலே செரிக்காதும்மா. தண்ணியையும் வாயில ஊத்தக் கூடாது, மூச்சுக்குழாய்ல போயிடும். நீ எடுத்தது நல்லதுக்குத்தான். ஒளிச்சு வெச்சதுதான் தப்பு." 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஆந்தையைப் பிடிப்பது, வளர்ப்பது, விற்பது, கொல்வது எல்லாமே குற்றம். சிறைத் தண்டனை உண்டு.

பிறகு டீச்சர் இன்னொன்று சொன்னார். 2010-இல் டிராஃபிக் என்ற அமைப்பின் இந்தியப் பிரிவு ஆந்தை வியாபாரம் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. நம் நாட்டில் 15 வகை ஆந்தைகள் திருட்டுத்தனமாக விற்கப்படுவதாக அதில் இருந்தது. முக்கியக் காரணம் மந்திரம், பலி போன்ற மூடநம்பிக்கை. அப்போது சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷ், ஹாரி பாட்டர் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் ஆந்தை வளர்க்க ஆசைப்படுவதும் ஒரு காரணம் என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. பேய் என்று கல்லால் அடிப்பவரும், ஆசையாகக் கூண்டில் அடைப்பவரும் ஆந்தைக்கு ஒன்றுதான்.

குட்டிப்பேய் என்னுடைய செல்லப்பிராணி இல்லை. அதற்கு ஒரு வீடு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், ராத்திரி வேலை இருக்கிறது. போகிற வழியில் என் சுவரில் கொஞ்ச நேரம் உட்காருகிறது. அதுவே எனக்குப் போதும் என்று பிறகுதான் புரிந்தது.

6. எலிக் கணக்கு

அடுத்த மாதம் எங்கள் தெருவில் வயதான தாத்தா ஒருவர் இறந்துபோனார். ரொம்ப நாளாக உடம்பு சரியில்லாதவர். ஆனால் தெருவில், "அந்தப் பூட்டின வீட்டுச் சாக்குருவிதான் காரணம். புகை போட்டு விரட்டணும்" என்று பேச ஆரம்பித்தார்கள். உள்ளே இன்னும் பறக்கத் தெரியாத குஞ்சுகள். ஞாயிற்றுக்கிழமை புகை போடுவதாக முடிவு.

ஆந்தை எலியை அப்படியே விழுங்கும். செரிக்காத எலும்பையும் முடியையும் உருண்டையாக்கி வாய்வழியாகக் கக்கும். சுவர் ஓரத்தில் அப்படிப் பல உருண்டைகள் கிடந்தன. டீச்சர் சொன்னபடி கையுறை போட்டுப் பொறுக்கினேன். பள்ளி ஆய்வகத்தில் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தோம். ஒரே உருண்டையில் மூன்று எலி மண்டையோடு! இன்னொன்றில் மூஞ்சூறு. (பிள்ளையார் மன்னிக்கணும்.) எலும்புகளைக் கறுப்பு அட்டையில் ஒட்டி, சனிக்கிழமை சாயங்காலம் டீச்சரும் அம்மாவும் நானும் தெருவில் எடுத்துப் போய்க் காட்டினோம்.

எனக்கு நாலு பேர் முன்னால் பேசவே வராது. அன்றைக்குப் பேசினேன். ஒரு கூகை ஒரு ராத்திரியில் இரண்டு மூன்று எலி பிடிக்கும், குஞ்சு இருந்தால் இன்னும் அதிகம் பிடிக்கும் என்றேன். மழை வந்தால் நம் தெருவில் தண்ணீர் நிற்கிறது, எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் கால் வைத்தால் எலிக்காய்ச்சல் வரும் என்றேன். மலேசியாவில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் எலியை ஒழிக்கக் கூகைக்கு மரப்பெட்டி வைத்து வரவேற்கிறார்கள். நம் ஊர் நெல் வயல்களிலும் ராத்திரியில் ஆந்தை உட்காரக் குச்சி நட்டு வைக்கும் வழக்கம் உண்டு. இதையெல்லாம் குரல் நடுங்கத்தான் சொன்னேன்.

எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு மாமா, "படிச்சவங்க இப்படித்தான் பேசுவீங்க" என்று எழுந்து போய்விட்டார். ஆனால் எதிர்வீட்டு ஆயா அட்டையை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இந்த எலிங்கதான் என் அரிசி மூட்டையக் கடிச்சுதா? அப்ப அது இருந்துட்டுப் போகட்டும். குஞ்சு குளுவானோட இருக்கறதப் புகை போடறது பாவம்" என்றார். ஆயா சொன்னால் எங்கள் தெருவில் மறுபேச்சு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை புகை போடவில்லை. சில வாரத்தில் குஞ்சுகள் ஒவ்வொன்றாகப் பறந்து போவதை நான் மாடியிலிருந்து பார்த்தேன். ஷூ டப்பாவில் இருந்தது எது என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஆனால் கூட்டில் ஒன்றும் குறையவில்லை.

7. நம் பக்கத்து ஆந்தைகள்

* நன்மங்கலம் காப்புக்காடு: தாம்பரம்–வேளச்சேரி சாலைப் பக்கம். அங்கே கைவிட்ட கல்குவாரிப் பாறைகளில் கொம்பன் ஆந்தை வாழ்கிறது. தலையில் கொம்பு மாதிரி தெரிவது இறகுதான். நம் பகுதி ஆந்தைகளில் பெரியது.
* சென்னைக் கிறித்தவக் கல்லூரி: 1937-இல் தாம்பரத்துக்கு வந்த கல்லூரி. அதன் வளாகத்துப் புதர்க்காடும் பழைய மரங்களும் ராத்திரிப் பறவைகளுக்கு நல்ல இடம்.
* நம் தெருக்கள்: தூங்குமூஞ்சி மரம், வேம்பு, ஆலமரம் இவற்றின் பொந்துகளில் புள்ளி ஆந்தை. 1821-இல் இந்தப் பறவைக்கு அறிவியல் பெயர் வைத்தபோது விவரிக்கப்பட்ட மாதிரி நமக்குப் பக்கத்தில் இருக்கும் புதுச்சேரியிலிருந்து போனது!

8. நாம் செய்ய வேண்டியவை

* பொந்துள்ள பழைய மரம் 'செத்த மரம்' இல்லை. வெட்டும் முன் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.
* எலிக்கு விஷம் வைக்காதீர்கள். விஷம் தின்ற எலியைத் தின்னும் ஆந்தையும் சாகும். எலிப்பொறி போதும்.
* பகலில் வெளியே வந்துவிட்ட ஆந்தையைக் காக்கைகள் கொத்தும். காக்கையை விரட்டிவிட்டு, தள்ளி நில்லுங்கள்.
* குஞ்சு விழுந்திருந்தால் அட்டைப்பெட்டியில் வைத்து, உணவு கொடுக்காமல், உடனே பெரியவர்களிடம் சொல்லி வனத்துறைக்குத் தெரிவியுங்கள். ஒரு ராத்திரி கூட ஒளித்து வைக்காதீர்கள்.
* மாஞ்சா நூலை மரத்தில் விடாதீர்கள். ராத்திரியில் பறப்பவர்களுக்கு அது கண்ணில் படாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பூட்டின வீட்டை இடித்துவிட்டு அபார்ட்மென்ட் கட்டப் போகிறார்கள் என்று பேச்சு. இடித்துவிட்டால் குட்டிப்பேய்க்கு வீடு இல்லை. நம் பள்ளித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், யாரும் போகாத அந்த உயரமான சுவரில், ஒரு மரப்பெட்டி வைக்கலாம் என்று டீச்சர் சொல்கிறார். பெட்டி செய்ய 10-ஆம் வகுப்பு அண்ணன் ஒருவர் பலகை தருவதாகச் சொல்லியிருக்கிறார். தலைமையாசிரியர் ஐயா அனுமதி தர வேண்டும் என்று இந்தச் சுவர் இதழ் வழியாகப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு செய்தி. எங்கள் வகுப்பில் மூன்று பேர் இப்போது வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் எங்கள் மாடிக்கு வருகிறார்கள், கூகை பார்க்க. அது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வரும்வரை சும்மா பேசிக்கொண்டிருக்கிறோம். நேரம் போவதே தெரிவதில்லை. இந்த வாரம் யார் வருகிறீர்கள் என்று இதழுக்குக் கீழே பெயர் எழுதிவிட்டுப் போங்கள். டார்ச் மட்டும் கொண்டு வராதீர்கள், அதற்குக் கண் கூசும்.



இப்படிக்கு,
ஆந்தை,
9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு